ஒன்பது பாட்டும் ஓசி

ஆல்பம் வெளியான ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு நெஞ்சு வலித்தது. இடது பக்கம், தோள்பட்டை வரைக்கும். ராப் பாடகன் ஒருவன் ஆல்பம் வந்த அன்றே போய்விட்டான் என்று பெரம்பலூர் முழுக்க ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வார்கள், அதைப் பேசிக் கொடுக்கவும் ஊரில் என்னை விட்டால் ஆள் இல்லையே என்ற கவலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வந்து பார்த்தாள். முதுகில் இரண்டு தட்டு தட்டினாள். பெரிதாக ஓர் ஏப்பம் வந்தது.

"வாயு. பரோட்டா வேணாம் வேணாம்னு நேத்தே தலபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றாள். "அது என்னமோ வெளியிடுறேன்னு சொன்னீங்களே, ஆச்சா?"

"இன்னும் இல்ல. பட்டனை அமுக்கணும்."

"அமுக்குங்க. சோறு வைக்கணும் எனக்கு."

அமுக்கினேன். ஒன்பது பாட்டு, ஒரே லிங்க், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. என் போனில் இருந்த எல்லோருக்கும் அனுப்பினேன். பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், என் பல் டாக்டர். யாருக்காக இந்த ஆல்பத்தைச் செய்தேனோ அந்த ஒருவனுக்கு மட்டும் அனுப்பவில்லை. அவன் பெயருக்கு நேராக விரல் போகும்போதெல்லாம் மறுபடி ஏப்பம் வந்தது.

அந்த ஒருவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இருபத்து மூன்று வயதில் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கேசட் கடையில் வேலை. ஆட்கள் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்பார்கள், காலி கேசட்டில் பதிந்து தருவேன். லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒருத்தன் வருவான். அவன் அத்தாவுக்கு அங்கே ஜவுளிக்கடை, அண்ணன் சவுதியில். அந்த அண்ணன் அனுப்பிய ஆங்கில ராப் கேசட்டைக் கொண்டுவந்து, "இத ஒரு காப்பி போடு மாப்ள" என்றான். முதல் சந்திப்பிலேயே மாப்ள. போட்டுக் கேட்டோம். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் கடையை மூடாமல், வந்த வாடிக்கையாளரைக் கவனிக்காமல், திரும்பத் திரும்பக் கேட்டோம். மறுவாரம் நான் தமிழில் நாலு வரி எழுதி வைத்திருந்தேன்:

பழைய பஸ் ஸ்டாண்டு பஞ்சர் கடை பக்கம்
பத்து மணி பஸ்ஸுக்குப் பாதி ஊரு நிக்கும்
பையில இருக்குது பரீட்சைப் புத்தகம்
மனசோ ஜன்னலோரம் மட்டும் கேக்கும்

நான் முடிக்கவில்லை, அவன் பிடித்துக்கொண்டான். "கேக்கும் கேள்விக்கெல்லாம் கண்டக்டரு சிரிப்பாரு, சில்லறை இல்லைன்னா சிங்கமா முறைப்பாரு" என்று போய்க்கொண்டே இருந்தான். அன்றிலிருந்து அதுவே எங்கள் முறை. நான் நாலு வரி, அவன் நாலு வரி. நான் விட்ட சொல்லில் அவன் தொடங்க வேண்டும், அவன் விட்ட சொல்லில் நான். எழுதி வைத்தெல்லாம் கிடையாது. என்ன சொல்லில் விடுவான் என்று தெரியாது. மேடையில் நின்றபடி, ஓடுகிற பஸ்ஸைத் துரத்தித் தொற்றிக்கொள்கிற மாதிரியான பதற்றம். அப்போது அந்தப் பதற்றம் நன்றாக இருந்தது.

அரியலூர் பக்கம் திருவிழாக்களில் ஆர்கெஸ்ட்ரா நடக்கும்போது பாடகர்கள் டீ குடிக்கப் போவார்கள். அந்தப் பத்து நிமிடம் எங்களுக்கு. சிமென்ட் ஆலை குடியிருப்பில் பொங்கல் விழா, திருமானூரில் ஒரு கடைத் திறப்பு. "ஏம்ப்பா, ரெண்டு பேரும் எதுக்கு இவ்வளவு வேகமா திட்டிக்கிறீங்க?" என்று ஒரு பெரியவர் மேடைக்கே வந்து சமாதானம் செய்து வைத்தார்.

பிறகு சென்னையிலிருந்து ஒருவர் எங்கள் கேசட்டைக் கேட்டுவிட்டுக் கடைக்கு போன் செய்தார். ஏதோ விளம்பரத்துக்குப் பாட வேண்டுமாம். "ரெண்டு பேர் வேணாம், ஒருத்தர் வந்தா போதும்" என்றார். போனை எடுத்தது நான். அதனால் அந்த ஒருத்தர் நான் என்று நானே முடிவு செய்தேன். அவனிடம் பல் வலி, திருச்சிக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். மூன்று நாள் சென்னையில் உட்கார வைத்தார்கள். ஒரு துணி சோப்பைப் பற்றி இரண்டு வரி பாடினேன். அந்த விளம்பரம் எந்த ஜென்மத்திலும் வரவில்லை. ஊர் திரும்பிய அன்று அவன் கடை வாசலில் நின்றிருந்தான். யாரோ சொல்லிவிட்டார்கள்.

"பல்லு எப்படி மாப்ள இருக்கு?"

"பரவால்ல மச்சான்."

"எந்தப் பக்கம்?"

நான் இடது கன்னத்தைத் தொட்டேன். கிளம்பும்போது வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனவன். அவன் சிரித்தான். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான். அதற்கு நான்கு மாதம் கழித்து அவனுக்கு சவுதி விசா வந்தது.

அவர்கள் ஊரில் வெளிநாடு போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். உறவு, சிநேகிதம், பேச்சுவார்த்தை இல்லாதவன் என்று ஒருவரையும் விடுவதில்லை. பயணம் சொல்வது என்று அதற்குப் பேர். ஏதாவது மனத்தாங்கல் இருந்தால் அப்போது இரண்டு பக்கமும் விட்டுவிட வேண்டும். அவன் எங்கள் வீட்டுக்கும் பயணம் சொல்ல வந்தான். சந்து முனையில் அவன் தலையைப் பார்த்ததும் நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். கடைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லச் சொல்லி அம்மாவிடம் சாடை காட்டியிருந்தேன். அம்மாவும் சொன்னாள். என் செருப்பு வாசலில் கிடந்தது.

அவன் டீ குடித்தான். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். பாத்ரூமின் சின்ன ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

"செருப்பு போடாமலா கடைக்குப் போயிருக்கான்? வெயிலு கால பொசுக்கிடும்மா, வந்ததும் சொல்லுங்க. மனசுல ஒண்ணும் வச்சுக்க வேணாம்னு சொல்லுங்க. நானும் வச்சுக்கல. எனக்காக சாமிகிட்ட கேக்கச் சொல்லுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்தேன். வெளியே வர இரண்டு எட்டு போதும். அந்த இரண்டு எட்டை நான் எடுத்து வைக்காமல் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அவன் விடுமுறைக்கு வரும் செய்தி எப்படியும் என் காதுக்கு வரும். மூன்று தடவை லப்பைக்குடிக்காட்டு பஸ்ஸில் ஏறினேன். முதல் தடவை பாதி வழியில் இறங்கினேன். இரண்டாவது தடவை முக்கால் வழி. மூன்றாவது தடவை அவன் தெருவரைக்கும் போய், முனைக் கடையில் ஒரு சர்பத் குடித்து, இன்னொரு சர்பத் குடித்து, வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன். அவனுடைய சவுதி நம்பரை ஒருவரிடம் வாங்கி 'பல்' என்ற பெயரில் சேமித்து வைத்திருந்தேன், மனைவி கேட்டால் டாக்டர் என்று சொல்லலாம் என்பதற்காக. அதனால் ஒரு தடவை நிஜ டாக்டருக்குப் போட வேண்டிய போன் அங்கே போய், ஒரு மணி அடிப்பதற்குள் கட் செய்து, வியர்த்து, சட்டை மாற்ற வேண்டியதாயிற்று. அவன் அம்மா மவுத்தான செய்தி வந்தபோதும் நான் அடக்கத்துக்குப் போகவில்லை. ஒரு மணி நேர பஸ்தான்.

ராப்பை மட்டும் விடவில்லை. கேசட் கடை மூடிய பிறகு விளம்பர ஆட்டோக்களுக்குக் குரல் பதிந்து கொடுப்பது தொழிலாயிற்று. ஆடித் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், இன்னார் காலமானார். நடுநடுவே பள்ளி ஆண்டு விழாக்களில் பாடுவேன். முதலில் ராப்பு அண்ணன் என்றார்கள், இப்போது ராப்பு அங்கிள். மேடையில் என் நாலு வரி முடிந்ததும் மைக்கைப் பிள்ளைகள் பக்கம் திருப்புவேன். அவர்கள் ஹோவென்று கத்துவார்கள். கூட்டத்தைக் கிளப்பிவிடுகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அது எனக்கு மூச்சு வாங்கும் நேரம். நாலு வரிக்கு மேல் ஒரே மூச்சில் பாட நான் கற்றுக்கொண்டதே இல்லை. எனக்கு மூச்சு வாங்க நேரம் கொடுப்பது அவன் வேலையாக இருந்தது.

இது எனக்கே அரியலூர் ஸ்டுடியோவில்தான் தெரிந்தது. கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஸ்டுடியோ அது. நடத்துகிற அம்மா என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். சுண்ணாம்புக்கல் லாரி போகும்போதெல்லாம் அறையே அதிரும், அதனால் லாரிக்கும் லாரிக்கும் நடுவில்தான் பதிவு. நான் நாலு வரி பாடி நிறுத்துவேன்.

"ஏண்ணே நிறுத்திட்டீங்க? லாரி ஒண்ணும் வரலையே."

"மூச்சு."

"இப்பத்தானே நாலு வரி ஆச்சு?"

"ஆமா. அதான்."

"அண்ணே, எங்க மாமியாருக்கு ஆஸ்துமா. அவங்களே அஞ்சு வரி திட்டுவாங்க."

எட்டு பாட்டை நான் துண்டு துண்டாகப் பாட, அவர் ஒட்டவைத்தார். மூன்றாவது பாட்டில் மட்டும் ஒட்ட விடவில்லை. என் நாலு வரி 'வெயிலு' என்ற சொல்லில் முடிந்ததும் தாளம் மட்டும் ஓடும், அவனுடைய நாலு வரி அளவுக்கு. பிறகு மறுபடி நான். வெட்டிவிடவா என்று மூன்று தடவை கேட்டார். வேண்டாம் என்றேன். அப்புறம் விலை என்ன வைக்கலாம் என்று கேட்டார். இலவசம் என்றேன்.

"பெரிய மனசுண்ணே உங்களுக்கு."

பெரிய மனசெல்லாம் இல்லை. ஒரு ரூபாய் விலை வைத்தாலும், காசு கொடுத்து இவன் பாட்டைக் கேட்பதா என்று அவன் தாண்டிப் போக ஒரு காரணம் கிடைத்துவிடும். அந்தக் காரணத்தை நானே கையில் கொடுக்க வேண்டாம் என்று பார்த்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து புகார்கள் வரத் தொடங்கின. "மூணாவது பாட்டு நடுவுல நின்னு போவுதுங்க." "ஃபைல் கெட்டுப் போயிருக்கு சார்." வேப்பந்தட்டையிலிருந்து ஆட்டோக்காரர் ஒருவர், "ஓசின்னா இப்படித்தான் இருக்கும்னு வூட்டுல சொன்னாங்க, நான்தான் கேக்கல" என்று மனம் நொந்து குரல் செய்தியே அனுப்பினார். ஒவ்வொரு தடவை போன் அதிரும்போதும் அவன்தானோ என்று பாய்ந்தேன். எடுத்துப் பார்த்தால் பால்காரர். லப்பைக்குடிக்காட்டில் நான் விளம்பரம் பேசிக் கொடுக்கும் போன் கடைக்காரர், "நம்ம ஊரு சவுதி குரூப்புல போட்டு விட்டேண்ணே" என்று செய்தி அனுப்பியிருந்தார். அன்று நான் மதியம் சாப்பிடவில்லை. மனைவி கேட்டதற்கு விரதம் என்றேன். என்ன விரதம் என்று கேட்டாள். அதற்கு மேல் யோசித்து வைத்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு 'பல்' என்று போன் அடித்தது. நான் புது பஸ் ஸ்டாண்டு வெளியே ஒரு ஆட்டோவின் ஸ்பீக்கரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே ஆட்டோவின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"மாப்ள." குரல் கொஞ்சம் தடித்திருந்தது. "உன் லிங்க அமுக்குனா எடம் இல்லைன்னு வருதுடா."

இருபது வருஷமாக நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த முதல் வாக்கியங்கள் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

"எந்த எடம்?"

"போன்ல எடம். ஒம்போது பாட்டையும் ஒரே மூட்டையா கட்டி வச்சிருக்க. எப்படி எறங்கும்?"

"எதையாவது அழி மச்சான்."

"அதான் எத அழிக்கணும், சொல்லு. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

எனக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்றால் வைத்துவிடுவானோ என்று, "என்னென்ன இருக்கு, மேல இருந்து சொல்லு" என்றேன். அவன் சொல்ல ஆரம்பித்தான்.

"ஜும்மா முபாரக், பூ படம்... பூ படம்... இது மசூதி, அதுக்குக் கீழயும் பூ."

"எல்லாத்தையும் அழி."

"அழிக்கலாமா? துஆவெல்லாம் எழுதியிருக்குடா."

"படிச்சிட்டு அழி."

"சரி. இது ஒட்டகத்தோட நான். எல்லாரும் எடுத்தானுங்கன்னு நானும் எடுத்தேன்."

"ஒட்டகம் எப்படி இருக்கு?"

"அது நல்லாருக்கு. நான்தான் நல்லால்ல. அழிக்கிறேன்." அடுத்ததுக்குப் போனான். "இது வூடு கட்டுனப்ப தம்பி அனுப்புனது. அடுப்பாங்கரை டைல்ஸ் மட்டும் அறுவது போட்டோ. பூரா வூட்டையும் நான் போன்லதான் கட்டுனேன் மாப்ள. போயி நின்னா சுவிட்ச் எங்க இருக்குன்னு தெரியல, பொண்டாட்டி சிரிக்கிறா."

டைல்ஸை அழித்தான். மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர் அனுப்பிய கணக்கில்லாத வீடியோக்களை அழித்தான், மகள் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டான். ஒரு கிடங்கின் இரும்புக் கட்டில், மேலும் கீழுமாக. அதில் மேல் கட்டில் பதினாலு வருஷம் அவனுடையதாம். அதைத் தூக்கலாமா வேண்டாமா என்று யோசித்துத் தூக்கினான். அவன் அழிக்க அழிக்க நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதாவது கேட்டுக்கொண்டிருந்தேன். நான் பார்த்திருக்க வேண்டிய எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

"இப்ப போதுமா பாரு," என்றேன்.

"இன்னும் பத்தல. பெருசா ஒண்ணு இருக்கு. நாப்பது நிமிசம். ஆனா இத அழிக்க மாட்டேன்."

"என்னது?"

"அம்மா மவுத்தானப்ப எடுத்தது. எனக்கு லீவு கெடைக்கல. தம்பி முழுசா எடுத்து அனுப்புனான்."

ஆட்டோவில் யாரோ ஸ்பீக்கரைத் தட்டினார்கள். கையைக் காட்டி இருக்கச் சொன்னேன். என் வாயில் எப்போதும் ஒரு நக்கல் தயாராக இருக்கும், பயம் வந்தால் இரண்டு இருக்கும். அப்போது ஒன்றுகூட இல்லை.

"நான் போகல மச்சான்," என்றேன். "பக்கத்துலதான் இருந்தேன். போகல."

"தெரியும். தேடிப் பாத்தேனே. நாலு தடவை ஓட்டி ஓட்டித் தேடினேன். ஒரு எடத்துல வழுக்கைத் தலை ஒண்ணு ஓரமா நின்னுச்சு, நீதான்னு நெனச்சேன். நிறுத்திப் பாத்தா ஜெனரேட்டர்காரரு." பிறகு அவனே, "உனக்கு வழுக்கை விழுந்துச்சா?" என்றான்.

"விழுந்துருச்சு."

"அப்ப நான் நெனச்சது பாதி சரிதான்."

அவன் பக்கம் ஏசி ஓடும் சத்தம். என் பக்கம் ஜெயங்கொண்டம் ஜெயங்கொண்டம் என்று ஒருவர் கூவிக்கொண்டிருந்தார்.

"ஒரு பாட்டுக்கு எடம் இருக்கும்போல," என்றான். "ஒண்ணே ஒண்ணு தனியா அனுப்பு. எது அனுப்புவ?"

"மூணாவது."

"அனுப்பு. நான் கேட்டுட்டுக் கூப்புடுறேன்."

இப்போது அந்தப் பெயரை நானே தேடி, நானே அமுக்கி அனுப்ப வேண்டும். அனுப்பினேன். அவசரத்தில் முதலில் போனது கண் சிகிச்சை முகாம் அறிவிப்பு. அழித்துவிட்டுச் சரியானதை அனுப்பினேன். பாட்டு நான்கு நிமிடம். இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் அவன் பாதியில் நிறுத்திவிட்டான், பிடிக்கவில்லை, பழைய கோபம் திரும்பிவிட்டது, குரூப்பில் எல்லோருக்கும் போட்டுச் சிரிக்கிறான் என்று நான்கு விதமாக முடிவு செய்து, நான்குக்கும் தனித்தனியாக வருத்தப்பட்டு முடித்திருந்தேன்.

"பாட்டு நடுவுல நின்னு போவுதே. ஃபைல் கெட்டுப் போச்சா?" என்றான்.

இவனுமா?

"சும்மா கேட்டேன்டா. வெயிலுன்னு விட்டுட்டுப் போயிட்ட. சவுதில இருக்குறவன்கிட்ட வெயிலக் குடுக்குற பாரு, நீ மாறவே இல்ல." சிரிப்பு நின்றதும் சொன்னான்: "எனக்கு இப்ப ஒரு வரியும் வர மாட்டேங்குது மாப்ள. அந்த எடம் வந்தப்ப வாயத் தொறந்தேன். வெறும் காத்து. பக்கத்துக் கட்டில்காரன் என்னாச்சு பாய்னு கேக்குறான்."

"வர வேணாம் மச்சான். இருக்கட்டும்."

"இருக்கட்டும்." பாங்கு சொல்லும் சத்தம் அவன் பக்கம் கேட்டது. "ஜும்மா தொழுகைக்குப் போகணும். அடுத்த வெள்ளிக்கிழமை லீவு. அன்னைக்கு இன்னொண்ணு அனுப்பு. இதக் கேட்டு அழிச்சிட்டு அது கேக்குறேன்."

"இத அழிச்சிடுவியா?"

"அழிக்காம எங்க வைக்கிறது? உன் தலையிலயா? அங்கதான் எடம் நெறைய கெடக்கு." வைக்கப் போனவன் வைக்கவில்லை. "இது இருக்கட்டும். வேற எதையாவது தூக்குறேன்."

இப்படித்தான் வெள்ளிக்கிழமைக்கு ஒன்றாக ஆறு பாட்டு போயிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதையாவது தூக்குகிறான், என்ன தூக்கினான் என்று சொல்கிறான். பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. ஐந்தாவது பாட்டுக்கு மட்டும், "இதுல உன்னப் பத்தி நீயே ரொம்பப் பேசுற" என்றான். இதுவரை திறந்த வாய்க்குக் காற்றுதான் வந்திருக்கிறது என்கிறான். நானும் கேட்பதில்லை. ஊருக்கு எப்போது வருவாய் என்றும் கேட்கவில்லை. கேட்டால் வருவேன் என்பான், வந்தால் நான் அந்த பஸ்ஸில் ஏற வேண்டும், கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு இப்போதிலிருந்தே வியர்க்கிறது.

நேற்று அரியலூர் ஸ்டுடியோவுக்குப் போனேன். அந்த அம்மா ஒரு வளைகாப்பு வீடியோவில் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, ஆல்பம்தான் வந்துருச்சே? புகாரும் வந்து முடிஞ்சிருச்சே?"

"இன்னும் ரெண்டு மூணு பாட்டு சேக்கணும்."

"யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. ஒன்பதில் ஆறு போக மூன்றுதான் இருக்கிறது. மூன்று வெள்ளிக்கிழமை. நான்காவது வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்கு அவனுக்கு அனுப்ப என்னிடம் ஒன்றும் இருக்காது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மைக் முன்னால் போய் நின்றேன். லாரி ஒன்று போய் முடியும்வரை காத்திருந்து, நாலு வரி பாடினேன்.